வராத கப்பலின் விலை

திரியெஸ்தே அப்போது
ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் துறைமுகம்.
போரா காற்று மலையிலிருந்து இறங்கும் நாட்களில்
தெருவோரம் கயிறு கட்டிவிடுவார்கள்,
ஆட்கள் பிடித்து நடக்க.
அந்தக் கயிற்றைப் பிடித்தபடிதான்
ஃபூமிக்கா எங்கள் காப்பீட்டு அலுவலகத்துக்கு வருவாள்,
தினமும், பத்தரைக்கு.

"இன்றைக்கு எவ்வளவு?"

மீன் விலை கேட்கிற குரல்.
நெரெசினா என்ற கப்பல்
சான்டோஸில் காப்பி ஏற்றிக் கிளம்பி
வரவேண்டிய நாள் கடந்து இருபத்தாறு நாள்.
அதில் சமையல்காரன் ஷிமே, அவள் புருஷன்.
தந்தி இல்லை.
உடைந்த பலகை ஒன்றுகூட ஒதுங்கவில்லை.
இருந்தது ஓர் எண் மட்டும்:
வராத கப்பலின் ஆபத்தை
ஒரு கம்பெனி இன்னொன்றின் தலையில் கட்டுவதற்கான விலை.
நூறு குரோனுக்கு இவ்வளவு என்று
நான்தான் கரும்பலகையில் எழுதுவேன்.

திங்களன்று பதினெட்டு.
வியாழனன்று முப்பத்தொன்று.
என் சட்டைக் கை முழுக்கச் சாக்பீஸ் தூள்.

அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று
அவள் ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.
கணக்கர் பொல்லிட்ஸர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்:
"நாற்பது வருஷப் பேரேடு, அம்மா.
இத்தனை நாள் தாமதித்த நூறு கப்பலில்
முப்பத்தொன்று திரும்பவில்லை. அவ்வளவே."

"என் புருஷன் நூறு கப்பலில் போகவில்லையே."

அவருக்கு அது உறைத்திருக்க வேண்டும்.
அன்றிரவு விளக்கேற்றி மறுபடி எண்ணினோம்.
பழைய இரும்புக் கப்பல்கள் மட்டும் என்றால் இருபத்திரண்டு.
டிசம்பரில் ஜிப்ரால்டர் தாண்ட வேண்டியவை என்றால் நாற்பத்தேழு.
இதே கேப்டன், இதே சரக்கு, இதே மாதம் என்று
சலித்துக்கொண்டே போக
சல்லடையில் மிஞ்சியது ஒரு கப்பல்.
நெரெசினா.
எதிரே கட்டம் காலி.

கொசுட்டா பேரேட்டைத் தொடவே மாட்டான்.
இருபத்தைந்து வயது, வாசனை எண்ணெய், சந்தேகமே இல்லாத குரல்.
"கடலில் எண் எதுவும் மிதக்கவில்லை.
அது நம் மண்டைக்குள் இருக்கிறது.
பந்தயம் கட்டச் சொல்லுங்கள்,
யார் எவ்வளவு நம்புகிறார் என்று தெரிந்துவிடும்.
பணம் பொய் சொல்லாது."

மறுநாள் அவள் கைக்குட்டையை அவிழ்த்தாள்.
எழுபது குரோன். ஒரு ஜோடிப் பவளக் கம்மல்.
"கட்டுகிறேன்."
கொசுட்டாவுக்குச் சிரிப்பு: "வரும் என்றுதானே?"
"மூழ்கும் என்று."

ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. யாரும் எழவில்லை.

"வந்தால் இது போகட்டும், அவன் இருப்பான்.
வராவிட்டால் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள்."

கொசுட்டா அவள் முகத்தில் எண்ணைத் தேடினான்.
நானும் தேடினேன்.
அவள் என்ன நம்பினாள் என்பது
அந்தக் கைக்குட்டைக்குள் இல்லை.

பந்தயத்தை நாங்கள் ஏற்கவில்லை, சட்டம் இடம் தராது.

அறுபதைத் தொட்ட விலை
ஒரு சனிக்கிழமை நாற்பதுக்கு இறங்கியது.
அவள் சிலுவையிட்டு என் கையை முத்தமிட்டாள்.
நான் சொல்லவில்லை:
லண்டனில் யாரோ எதையோ கேள்விப்பட்டதாக
இன்னொருவர் கேள்விப்பட்டிருந்தார்.

நிகழத் தகும், தகாது என்கிறோம்.
தகுதி யாருடையது?
கடலுடையதா, பேரேட்டுடையதா,
கயிற்றைப் பிடித்து வந்து நிற்பவளுடையதா?
இத்தனை வருஷத்தில்
மூன்றையும் மாற்றி மாற்றி நம்பியிருக்கிறேன்,
சில நாட்களில் ஒரே மதியத்துக்குள்.

பிப்ரவரியில் நெரெசினா வந்தது.
சுழல்தண்டு முறிந்து, அசோர்ஸ் தீவுகள்வரை மிதந்து,
புகைபோக்கியில் உப்புப் படிந்து, ஆனால் வந்தது.
எல்லோரும் இறங்கி முடிந்தபிறகு
கேப்டன் தன் பையிலிருந்து ஒரு கடிதம் எடுத்தார்.
சான்டோஸ் ஆஸ்பத்திரி. காய்ச்சல்.
கப்பல் நங்கூரம் தூக்குவதற்கு இரண்டு நாள் முன்பு.

அந்தக் கேள்விக்கு நாங்கள் விலையே வைத்திருக்கவில்லை.

அன்று காற்று இல்லை.
கயிறுகளைச் சுருட்டி எடுத்துப் போயிருந்தார்கள்.
நான் அலுவலகம் திரும்பிப் பலகையைத் துடைத்து
நெரெசினாவுக்கு எதிரே
விதிப்படி எழுதினேன்:
பூஜ்யம்.